எலும்பு சூப், ஜெலட்டின்: குழந்தையின் சாப்பாட்டில் எப்படிச் சேர்ப்பது?

இரவு வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்த எலும்பு சூப்பைக் காலையில் திறந்து பார்த்தால், மேலே வெளிர் மஞ்சளாகக் கொழுப்பு ஏடு படிந்திருக்கும். கரண்டி நுனியால் நெம்பினால் துண்டு துண்டாக உடைந்து வரும். அதற்கு அடியில் இருப்பதைப் பார்க்கத்தான் நான் திறப்பேன். பாத்திரத்தைச் சாய்த்தால் சூப் ஓடாது. பக்கத்தில் தட்டினால் தளும்பாது, நடுங்கும். என் மகள் மூன்று வயதில் அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அம்மா, சூப் தூங்குதா?" என்று கேட்டாள். அடுப்பில் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் தண்ணீராகிவிட்டது.

அந்த நடுக்கம்தான் ஜெலட்டின். கடையில் பொடியாகவும் கண்ணாடித் தாள் போலவும் விற்கிறார்களே, அதுவும் இதுவும் ஒரே பொருள்தான். தொழிற்சாலையில் தோலையும் எலும்பையும் வேகவைத்து, வடித்து, உலர்த்தி எடுக்கிறார்கள். வீட்டில் உலர்த்தாமல் அப்படியே விடுகிறோம். அதனால்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன்.

குழந்தைக்குத் தினமும் எலும்பு சூப் கொடுக்கலாமா, ஜெலட்டின் பொடியைச் சாப்பாட்டில் கலக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் ஏற்கெனவே நிறையக் கேள்விப்பட்டிருப்பார்கள். எலும்பு உறுதியாகும், குடல் புண் ஆறும், சளி அண்டாது, பிள்ளை உயரமாக வளரும். இவற்றுக்கெல்லாம் குழந்தைகளிடம் நிரூபிக்கப்பட்ட ஆதாரம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மிகையை எல்லாம் கழித்த பிறகும் கையில் நல்லது கொஞ்சம் மிஞ்சுகிறது: சுவை, கொஞ்சம் புரதம், சாப்பாட்டுக்கு ஒரு வழுவழுப்பு. அதைக் குழந்தைக்குச் சேர்க்கும் வழி, சூப்பைக் குடிக்கிற பொருளாக நினைக்காமல் சமைக்கிற தண்ணீராக நினைப்பதுதான். சோறு வேகும் தண்ணீர், பருப்பு வேகும் தண்ணீர், கஞ்சி காய்ச்சும் தண்ணீர். ஏன் அப்படி என்பதைத்தான் இனி விளக்கப் போகிறேன்.

எலும்பிலிருந்து என்ன இறங்குகிறது?

எலும்பு, தோல், ஜவ்வு, குருத்தெலும்பு, தசைநார் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். மூன்று நூல்களைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது அதன் அமைப்பு. பச்சையாக இருக்கும்போது அதைக் கடிக்கவும் முடியாது, அது கரையவும் செய்யாது. தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது முறுக்கு அவிழத் தொடங்கும். மணிக்கணக்கில் கொதிக்கக் கொதிக்க நூல்கள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் கலந்துவிடும். பிரிந்த அந்த நூல்தான் ஜெலட்டின்.

ஆறும்போது நூல்கள் அங்கங்கே மறுபடியும் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். பழையபடி கயிறாக முடியாமல் வலை போலப் பின்னிக்கொள்ளும். அந்த வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. நூற்றில் ஒன்றிரண்டு பங்கு ஜெலட்டின் இருந்தாலே போதும், மீதித் தண்ணீர் முழுவதையும் பிடித்து நிறுத்திவிடும். இந்த வலை 35 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். நம் வாயின் சூடு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஜெலட்டின் ஜெல்லி நாக்கில் பட்டதும் கரைவது இதனால்தான். இந்த 35 டிகிரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு இடத்தில் தேவைப்படும்.

எந்த எலும்பை வாங்குவது என்று கேட்டால், மூட்டு உள்ள எலும்பு என்பேன். கோழி என்றால் கால் பாதம், இறக்கை, கழுத்து. ஆடு, மாடு என்றால் முட்டி, குளம்புக்கு மேலே உள்ள கால் பகுதி. ஜவ்வும் குருத்தும் தோலும் எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு ஜெலட்டின். நல்லி எலும்பு ருசியும் கொழுப்பும் தரும், ஆனால் அதை மட்டும் போட்டுக் காய்ச்சினால் சூப் அவ்வளவாக உறையாது. அதைப் பார்த்து ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் அதிகமாகியிருக்கும், அல்லது மூட்டு குறைந்திருக்கும். மீனின் கொலாஜன் சீக்கிரமே அவிழ்ந்துவிடும், மீன் தலைக்கும் முள்ளுக்கும் அரை மணி, முக்கால் மணி நேரமே போதும்.

இனி கால்சியம். எலும்பில் கால்சியம் இருக்கிறது, அதனால் சூப்பிலும் இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அது எலும்புக்குள் கால்சியம் பாஸ்பேட் என்ற தாதுவாக, கல் போல இறுகியிருக்கிறது. வெந்நீர் அதை அசைக்காது. ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கரையும், அவ்வளவுதான். 1934-லேயே லண்டனில் மெக்கான்ஸ், ஷெல்டன், விட்டோசன் என்ற மூன்று ஆய்வாளர்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்பு சூப்பையும் காய்கறி சூப்பையும் அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெரிதாகச் சொல்லும்படியான சத்து இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வீட்டு சூப் வந்து நிற்கவே முடியாது. பாலும் தயிரும் கீரையும் செய்கிற வேலையை சூப்பிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜெலட்டின் மட்டும் போதாது

எலும்பிலிருந்து சத்தெடுக்கும் ஆசை பழையது. டெனிஸ் பாப்பென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் மூடி இறுகிய ஒரு பாத்திரத்தைக் காட்டினார். நீராவி அழுத்தத்தில் எலும்பையே மெத்தென்று ஆக்கிவிடும் பாத்திரம் அது. நம் சமையலறை பிரஷர் குக்கரின் முன்னோடி அதுதான். அதை எலும்பை மெத்தென்று ஆக்கவே உருவாக்கினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில், எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுத்து மருத்துவமனை நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் சூப்பாகக் கொடுத்தார்கள். இறைச்சிக்குப் பதிலாக இது போதும் என்று நம்பினார்கள். சந்தேகம் எழுந்ததும் அறிவியல் அகாதெமி ஒரு குழுவை அமைத்தது. பிரான்சுவா மாஜண்டி என்ற உடலியல் ஆய்வாளர் தலைமையிலான அந்தக் குழு நாய்களுக்கு ஜெலட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்தது. அவற்றால் அதை வைத்து உயிர்வாழ முடியவில்லை. 1841-ல் வந்த அறிக்கை, ஜெலட்டின் தனியாக உணவாகாது என்று சொன்னது. காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1901-ல், பிரெடரிக் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்றை, பிரித்தெடுத்தார். மனித உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டிய அமினோ அமிலம் அது. ஜெலட்டினில் அது துளிகூட இல்லை.

ஜெலட்டினில் நிறைய இருப்பவை கிளைசின், புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின். கிளைசினும் புரோலினும் நம் உடல் தானே தயாரிக்கக்கூடியவை. அதனால், டப்பாவின் மேல் "புரதம் 85 சதவீதம்" என்று இருந்தால் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். முட்டையில் உள்ள 6 கிராம் புரதமும் ஜெலட்டினில் உள்ள 6 கிராம் புரதமும் வளரும் பிள்ளைக்கு ஒன்றல்ல. அதே ஜெலட்டின் முட்டை, பால், பருப்பு, இறைச்சியோடு சேர்ந்து வரும்போது இல்லாத டிரிப்டோபேனை அவை கொடுத்துவிடும், ஜெலட்டினும் வீணாகாது. துணைக்கு வந்தால் நல்லது, தலைமை தாங்கினால் ஆபத்து.

"கொலாஜன் சாப்பிட்டால் கொலாஜன் ஊறும்" என்பதும் இதே இடத்தில் அடிபடுகிறது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சின்னச் சின்னத் துண்டுகளாகவும் உடைத்துத்தான் உள்ளே அனுப்பும். நேராக முழங்கால் மூட்டில் போய் அது உட்காராது. உடல் தனக்கான கொலாஜனை அந்தத் துண்டுகளிலிருந்து புதிதாகத்தான் நெய்துகொள்ள வேண்டும். அப்படி நெய்ய வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி வரும். ஆக, பிள்ளையின் கொலாஜனைப் பற்றி உண்மையாகவே அக்கறை இருந்தால், சூப்போடு ஒரு துண்டு கொய்யாவோ ஆரஞ்சோ கொடுப்பது, சூப்பை இரட்டிப்பாக்குவதைவிட மேல்.

சின்ன வயிறு

என் இரண்டாவது பிள்ளைக்கு அப்போது ஒன்பது மாதம். சாப்பிட அடம்பிடித்தான், சூப்பை மட்டும் ஆசையாகக் குடித்தான். குடிக்கிறானே என்று மதியம் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. குழந்தை மருத்துவர் எடை அட்டையைப் பார்த்துவிட்டு, "சூப்பைச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடுக்கிறீங்களா, பின்னாடியா?" என்று கேட்டார். முன்னாடிதான் என்றேன். "அப்போ பசியை சூப்பே வாங்கிக்குதும்மா. சோத்துக்கு எடமில்ல" என்றார். ஒரு மருந்தும் எழுதித் தரவில்லை.

அவர் சொன்னதை அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்னக் குழந்தையின் வயிறு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு 240 மில்லி, அதாவது ஒரு பெரிய டம்ளர். அந்த டம்ளருக்குள் என்ன போகிறது என்பதில்தான் வளர்ச்சி இருக்கிறது. நசுக்கிய சோறும் பருப்பும் கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்த ஒரு கிண்ணம் தருகிற சக்தியில், கொழுப்பு எடுத்த தெளிந்த சூப் சிறு பங்கைத்தான் தரும். வயிறு நிறைந்துவிடும், சக்தி வந்திருக்காது. குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு மேல் கொடுக்கும் திட உணவு கெட்டியாக, கரண்டியில் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு தப்பெண்ணமும் இதோடு ஒட்டியிருக்கிறது. "சத்தெல்லாம் சூப்பில் இறங்கிவிட்டது, இது வெறும் சக்கை" என்று வெந்த கறியை ஒதுக்கிவிட்டு சூப்பை மட்டும் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். நடப்பது இதற்கு நேர் எதிர். ஆறு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு மிகவும் தேவையான இரும்புச்சத்தும் துத்தநாகமும் பெரும்பாலும் கறியிலேயே தங்கிவிடுகின்றன. சூப்பில் இறங்குவது ருசி, ஜெலட்டின், கொஞ்சம் உப்புச் சத்துகள். எலும்பில் ஒட்டிய கறியைப் பிய்த்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றியோ விரலால் மசித்தோ அதே சோற்றில் சேர்த்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து எலும்பு சூப்பைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டிய மிக முக்கியமான ஒரு விஷயம் இதுதான்.

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே சூப் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். சூப்பை நிறுத்தவில்லை. அதே சூப்பில் அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, பிய்த்த கறியை மசித்துப் போட்டு, மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுத்தேன். அவனுக்குப் பிடித்த அதே வாசனை வந்தது. முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தான், இரண்டாவது வாய்க்குத் தானே வாயைத் திறந்தான்.

காய்ச்சுவது எப்படி?

எலும்பை நன்றாகக் கழுவி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நுரையும் அழுக்கும் அதோடு போகும். மறுபடியும் பச்சைத் தண்ணீர் ஊற்றி, எலும்புக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி விட்டு, கொதித்ததும் சிம்மில் வையுங்கள். தளதளவென்று கொதிக்க வேண்டாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். கோழிக்கு நாலைந்து மணி நேரம், ஆடு மாட்டுக்கு எட்டு மணி நேரமாவது. குக்கரில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். வெங்காயம், கேரட், நாலு மிளகு சேர்க்கலாம். உப்பு வேண்டாம், அது தட்டில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்.

குக்கரில் வைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழி எலும்பு குழைந்து, ஊசி ஊசியாக உடைந்து சூப்பில் மிதக்கும். சாதாரண வடிகட்டியில் அது நழுவிவிடும். நான் கண்ணி நெருக்கமான வடிகட்டியில் ஒருமுறையும், அதன் மேல் மெல்லிய துணி விரித்து இன்னொருமுறையும் வடிக்கிறேன். கறியைப் பிய்க்கும்போது கரண்டியால் தேடாமல் விரலால்தான் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத எலும்புச் சில்லு விரல் நுனிக்குத் தெரியும்.

மேலே உறையும் கொழுப்பு முழுவதையும் எடுத்துப் போட்டுவிடுவது பெரியவர்களின் பழக்கம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அது அவசியமில்லை. வளரும் வயதில் கொழுப்பு வேண்டும். பாதியாவது விட்டுவிடுங்கள்.

ஆற வைப்பதில் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள், அதனால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். கொதித்த சூப்பில் கிருமியே இருக்காது என்று நினைத்து இரவு முழுக்க அடுப்பு மேலேயே மூடி வைத்துவிடுகிறார்கள். குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் வித்துகளாக மாறி, கொதிநீரிலும் தாக்குப்பிடிக்கும். சூப் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அவை முளைத்துப் பெருகும். புரதம் நிறைந்த, மூடி வைத்த, மெல்ல ஆறும் பெரிய பாத்திரம் அவற்றுக்கு அருமையான வளர்ப்பிடம். ஆகவே வடிகட்டியதும் அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீர் நிரம்பிய தட்டில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் உறைய வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். வேண்டும்போது வேண்டிய அளவு கட்டிகளை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்க வையுங்கள். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதைத் திரும்பவும் எடுத்து வைக்காதீர்கள்.

எந்த வயதில், எவ்வளவு?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலோ, மருத்துவர் சொன்ன பால்மாவோ மட்டும்தான். திட உணவு தொடங்கி, அரிசி, பருப்பு, காய் என்று ஒவ்வொன்றாகப் பழகிய பிறகு, மசியலை இளக்கத் தண்ணீருக்குப் பதில் இரண்டு மூன்று ஸ்பூன் சூப் சேர்க்கலாம். கோழி, ஆடு, மீன் என்று எந்த விலங்கின் சூப்பாக இருந்தாலும் முதல்முறை கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது.

ஒரு வயது வரை உப்பே சேர்க்க வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 2 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் பெற்றோருக்குச் சொல்லப்படும் அளவு. அது அரை டீஸ்பூன்கூட வராது. கடையில் விற்கும் சூப் கட்டிகளும் சூப் பொடிகளும் பெரும்பாலும் உப்புதான். குழந்தையின் சமையலுக்கு அவற்றை நான் கையிலெடுப்பதில்லை.

தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்க வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ஈயம். விலங்கு உண்ட தீவனத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் உடலுக்குள் போன ஈயம் எலும்பில்தான் போய்ச் சேரும். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கோழி எலும்பு சூப்பில் இருந்த ஈயம், அதைக் காய்ச்ச எடுத்த குழாய்த் தண்ணீரில் இருந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அளவு சிறியதுதான், பயந்து சட்டியை எடுத்து வைத்துவிட வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவு கிடையாது. சமைக்கும் தண்ணீராகப் பயன்படுத்தும்போது ஒரு நாளைக்கு அரை டம்ளர், முக்கால் டம்ளருக்கு மேல் உள்ளே போகாது. வாரத்தில் சில நாள் எலும்பு, சில நாள் காய்கறித் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டால் அதுவே போதுமான கவனம்.

சிறுநீரகக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் சூப்பும் ஜெலட்டினும் மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

பொடியாக வரும் ஜெலட்டின்

எலும்பு காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு இது வசதி. மணமும் ருசியும் இல்லாததால் பாலிலும் பழச்சாற்றிலும்கூடச் சேரும். ஆனால் அதைக் கையாளும் முறை தெரிந்திருக்க வேண்டும்.

உலர்ந்த பொடி தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஊதும். அதனால் உலர்ந்த பொடியை ஸ்பூனில் எடுத்துக் குழந்தையின் வாயில் போடவே கூடாது. தொண்டையிலேயே ஊதிவிடும். நேராகச் சூடான கஞ்சியில் தூவினாலும் தப்புதான். வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த பொடியோடு கட்டி கட்டியாக நிற்கும். முதலில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் எடுத்து, அதன் மேல் பொடியைப் பரவலாகத் தூவி, ஐந்து நிமிடம் கிளறாமல் விடுங்கள். ஈர மணல் போல ஊறி நிற்கும். அப்புறம் அதைச் சூடான திரவத்தில் போட்டுக் கலக்கினால் சுவடே தெரியாமல் கரைந்துவிடும். வெகுநேரம் கொதிக்க விடாதீர்கள், உறையும் திறன் குறைந்துவிடும்.

ஒரு கப் திரவத்தை, அதாவது 240 மில்லியை, மெத்தென்று உறைய வைக்க ஒரு டீஸ்பூன் பொடி போதும். ஏறக்குறைய 3 கிராம். சாப்பாட்டில் சேர்ப்பதற்கும் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. காய்கறி மசியலில், ஓட்ஸ் கஞ்சியில், சப்பாத்தி மாவு பிசையும் தண்ணீரில் கலக்கலாம். தயிரில் பழத்தோடு சேர்த்து உறைய வைக்கலாம். அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றைச் சமைக்காமல் போட்டால் மட்டும் உறையாது. அவற்றில் இருக்கும் நொதிகள் புரதத்தை வெட்டிவிடும், வலை பின்னவே விடாது. அதே பழத்தைக் கொதிக்க வைத்துவிட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும், ஜெல்லி உறையும்.

முன்னே சொன்ன 35 டிகிரி இங்கேதான் வேலைக்கு வருகிறது. ஜெலட்டின் ஜெல்லி வாய்ச் சூட்டில் உருகும். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் 85 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும், வாயில் கெட்டியாகவே நிற்கும். கொன்ஜாக் என்ற கிழங்கு மாவில் செய்த ஜெல்லி இன்னும் மோசம், கடிக்காவிட்டால் உடையவே உடையாது. ஒரே வாயில் உறிஞ்சும் குட்டிக் கப்புகளில் வந்த கொன்ஜாக் ஜெல்லி தொண்டையில் அடைத்துக் குழந்தைகள் இறந்ததால், ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் அதற்குத் தடை விதித்தது. உருகக்கூடியது என்பதற்காக ஜெலட்டினிலும் அசட்டையாக இருக்க முடியாது. அதிகப் பொடி போட்டு ரப்பர் போலச் செய்யும் மிட்டாய் நாலு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மெத்தென்ற ஜெல்லியையும் பொடியாக நறுக்கி, உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். இனிப்புக்குத் தேன் விடுவதானால் ஒரு வயது முடிந்த பிறகுதான். அதற்கு முன் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற அரிய, ஆனால் கடுமையான நோய் வரக்கூடும்.

ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பதை டப்பாவில் பாருங்கள். பன்றி, மாடு, மீன் என்று எதுவாகவும் இருக்கலாம். சைவ வீட்டில் ஜெல்லிக்கு அகர் அகர் இருக்கிறது. அதில் புரதம் இல்லை, ஆனால் அதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. ஜெலட்டின் கொடுப்பதைவிட நல்ல புரதம் பருப்பிலும் பாலிலும் ஏற்கெனவே அந்த வீட்டுத் தட்டில் இருக்கிறது. கொலாஜன் பொடி என்று தனியாக விற்பது ஜெலட்டினையே இன்னும் சிறிய துண்டுகளாக நறுக்கியது. உறையாது, குளிர்ந்த நீரிலும் கரையும், விலையும் அதிகம். பிள்ளைக்கு அது தேவை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜெலட்டின் ஒவ்வாமை அரிது. ஆனாலும் ஜெல்லியோ மிட்டாயோ சாப்பிட்டதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்த பிள்ளை என்றால், அதை அடுத்த தடுப்பூசிக்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி தடுப்பூசி போன்ற சிலவற்றில் மருந்து கெடாமல் இருக்க ஜெலட்டின் சேர்ப்பது உண்டு.

பழகாத பிள்ளைக்கு எடுத்ததும் முழுக்க சூப்பில் வேகவைத்த சோறு கொடுத்தால் வாசனைக்கே தள்ளிவிடும். நான் முதல் நாள் சோறு வைக்கும் தண்ணீரில் ஃப்ரீசரிலிருந்து ஒரே ஒரு கட்டி போடுவேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நாலு நாள் கழித்து இரண்டு. தட்டைத் தள்ளாத வரை அப்படியே போவேன், தள்ளினால் ஒரு கட்டி குறைத்து அங்கேயே ஒரு வாரம் நிற்பேன். மகளுக்கு மூன்றாவது கட்டியில் பிடித்துப்போனது. மகனுக்கு இன்றைக்கும் இரண்டுதான்.